கோயிலில் புதிதாக வந்தவர் 'நம் ஆள்' ஆக எவ்வளவு நாள் ஆகும்?

கேள்வி: 2 செப்டம்பர் 2024, இரவு 9.40

மாற்றலாகித் திருச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் ஆராதனைக்கு ஒரே கிறிஸ்தவக் கோயிலுக்குத்தான் போகிறேன். வாசலில் கைகொடுக்கிறார்கள், சிரிக்கிறார்கள். புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி ஒருமுறை கைதட்டினார்கள், எனக்கு வியர்த்துவிட்டது. அவ்வளவுதான். இத்தனை நாளில் என் பெயரைக் கேட்டவர்கள் மூன்று பேர். மூவரின் அடுத்த கேள்வியும் "சொந்த ஊர் எது?" என்பதுதான். அது எதற்கான கேள்வி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு சபையில் 'நம் ஆள்' ஆக எவ்வளவு நாள் ஆகும்? ஆகவே ஆகாதா?

பதில் (பிழைதிருத்தி): 3 செப்டம்பர், காலை 6.10

நாள் கணக்கு கிடையாது. உங்கள் கையில் என்றைக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறார்களோ அன்றைக்குத்தான் நீங்கள் உள்ளே வந்தவர். அதுவரை விருந்தாளி. விருந்தாளியைச் சிரித்துக் கும்பிட்டு வாசலிலேயே நிறுத்திவிடலாம். அந்தக் கலையில் நம் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

என் கதையைச் சொல்கிறேன். பதினான்கு வருடம் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நான். 2019-இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சென்னையை விட்டு இங்கே வந்தேன். நடக்கும் தூரத்தில் ஒரு சின்னக் கோயில், தொண்ணூறு குடும்பம் இருக்கும். கடைசிப் பெஞ்சில் ஆறு ஞாயிறு உட்கார்ந்தேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழாவது ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் வேப்பமரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அசனம், கோயிலின் பொது விருந்து. வயதான அக்காள் ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "என்ன அண்ணாச்சி, சும்மா நிற்கிறீர்கள்? இப்படி வந்து உட்காருங்கள்" என்று ஒரு சுளகையும் கத்தியையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

இரண்டு மணி நேரம் உரித்தேன். வெங்காயத்தை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், வேர்ப்பக்கம் கத்தி வைத்துக் கிள்ளினால் தோல் சட்டைபோலக் கழன்றுவரும் என்பதை அறுபது வயதில் கற்றுக்கொண்டேன். நகக்கண் கறுத்துப்போனது. அந்த வாரம் முழுவதும் என் பாமாலைப் புத்தகத்தைத் திறந்தால் வெங்காய மணம். அடுத்த ஞாயிறு வாசலில் ஒருவர் இன்னொருவரிடம் என்னைக் காட்டி, "அன்றைக்கு வெங்காயம் உரித்தாரே, அந்த அண்ணாச்சி" என்றார். ஐந்து வருடமாகியும் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. வெங்காய அண்ணாச்சி என்றால் தெரியும்.

3 செப்டம்பர், இரவு 10.25

கீழே ஒருவர், "ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய வரவேற்பு உண்டா?" என்கிறார். உண்டு. ஆனாலும் அவர் எடுத்தது நல்ல பேச்சு.

எங்கள் கோயில் சேர்ந்திருக்கும் தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் தனக்கென்று திருவிருந்து வழிபாட்டு முறை ஒன்றைக் கொண்டுவந்தபோது, சமாதானத்தைக் கையிலிருந்து கைக்கு மாற்றும் வழக்கத்தைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் மரபிலிருந்து வந்தது அது. கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க வேண்டும். இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூட வேண்டும். குருவானவரிடம் தொடங்கி முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை வரும். ஒரு நிமிடம் செய்து பாருங்கள். நாலு கையும் ஒன்றுக்குள் ஒன்றாக மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்க்க முடியாது.

இப்போது எப்படி நடக்கிறது? ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே கண் அடுத்தவரைத் தேடுகிறது. கொரோனாவுக்குப் பிறகு கும்பிடு மட்டும்தான். எங்கள் கோயிலில் எண்பது தாண்டிய தாத்தா ஒருவர் மட்டும் பழைய முறையை விடவில்லை. அவரிடம் மாட்டினால் அரை நிமிடம் கை திரும்பி வராது.

5 செப்டம்பர், மதியம்

"பதினான்கு வருடம் ஏன் போகவில்லை?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எந்தக் கோயில் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

2005-இல் என் அம்மா இறந்துபோனார்கள். அடக்கத்துக்குக் குழி கேட்டுப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேரேட்டைப் புரட்டினார். மாதச் சந்தா ஏழு மாதம் பாக்கி. "முதலில் இதை முடித்துவிடுங்கள், பிறகு பேசலாம்" என்றார். தொகை பெரியதல்ல, பையில் இருந்தது, கொடுத்தேன். ரசீது எழுதினார், தேதி போட்டார், கீழே நீலப் பேனாவால் கோடும் இழுத்தார். அதில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை. முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். வீட்டில் அம்மாவைக் கிடத்தியிருக்கும்போது அந்தப் பிழைதான் கண்ணில் பட்டது. திருத்தச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறிலிருந்து போகவில்லை.

பதினான்கு வருடத்தில் "ஏன் வரவில்லை?" என்று ஒருவர்கூட என்னைத் தேடி வரவில்லை.

6 செப்டம்பர்

சூடு தணிய ஒரு பிழைக்கதை. எங்கள் கோயில் மாதத் தாளுக்கு இப்போது மெய்ப்புப் பார்ப்பவன் நான்தான். அது எப்படி என் கைக்கு வந்தது தெரியுமா? ஒரு முறை தாளில், "ஞாயிறு மதியம் 1 மணிக்கு ஆலய வளாகத்தில் ஆசனம் நடைபெறும். அனைவரும் குடும்பமாகக் கலந்துகொள்ளவும்" என்று அடித்திருந்தார்கள். அசனம் என்றால் உணவு. ஒரு சுழி கூடிப்போனதில் யோகாசன வகுப்பாகிவிட்டது. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் விரிப்பு கொண்டுவர வேண்டுமா என்று மெய்யாகவே கேட்டார். நான் சிவப்பு மையில் வட்டமிட்டுச் செயலரிடம் கொடுத்தேன். "அடுத்த மாதத்திலிருந்து நீங்களே பாருங்கள்" என்றார். குற்றம் கண்டவனிடமே வேலையைக் கட்டிவிடுவது நல்ல சபைக்கு அடையாளம்.

9 செப்டம்பர், இரவு

"அந்தக் காலத்துச் சபைகளில் இப்படி இல்லை, யாரையும் அணைத்துக்கொள்வார்கள்" என்று எழுதியவருக்கு: அந்தக் காலத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பாளையங்கோட்டைச் சபையே மறுப்பில் தொடங்கியதுதான்.

குளோரிந்தா அம்மாள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமணப் பெண். இளவயதில் கைம்பெண். பாளையங்கோட்டைக் கோட்டையில் இருந்த ஓர் ஆங்கில ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தார். ஞானஸ்நானம் வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்கவில்லை; முறையான திருமணம் இல்லை என்பது காரணம். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார். மறுத்தவர்கள் மேல் கோபித்துக்கொண்டு அந்த அம்மாள் வீட்டில் இருந்துவிடவில்லை (என்னைப்போல). 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவில் நாற்பது பெயர்கள், முதற்பெயர் அவருடையது. 1785-இல் கோயில் எழுந்தது. இன்றைக்கும் ஊர்க்காரர்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். வாசலில் நிற்கவைக்கப்பட்டவர் பெயரில் கோயில்! அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இன்னொன்று முதலூர். மதம் மாறியதற்காக அடியும் உதையும் பட்டவர்களுக்கு ஒதுங்க இடமில்லாமல் போனபோது, தாவீது சுந்தரானந்தம் 1799-இல் சாத்தான்குளத்துப் பக்கம் செம்மண் தேரிக்காட்டில் ஒரு நிலத்தைப் பிடித்து ஊராக்கினார். முதல் ஊர், அதனால் முதலூர். பிறகு நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், டோனாவூர் என்று வரிசையாக வந்தன. இந்த ஊர்களில் கோயிலும் பள்ளியும் கிணறும் தெருவும் சேர்ந்தே எழுந்தன. மெய்ஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி. தேரி மணலில் பனைமரத்துக்கு மேல் எழுந்து தெரியும். வழிதப்பியவன் அதைப் பார்த்தே வந்து சேரலாம் என்பார் என் தாத்தா. பனையேறி அவர், உயரத்தைப் பற்றி அவர் பேசினால் நம்பலாம்.

முதலூர் என்றதும் எனக்கு மஸ்கோத் அல்வா ஞாபகம் வந்துவிட்டது. இன்றைக்கு இதற்குமேல் எழுத ஓடாது.

10 செப்டம்பர்

அல்வாவுக்கு மட்டும் பதினோரு மறுமொழி! ஆம், அதில் நெய் கிடையாது, தேங்காய்ப் பால்தான். ஆம், திருநெல்வேலி அல்வா வேறு. இந்தச் சண்டைக்கு வேறு இழை தொடங்குங்கள்.

14 செப்டம்பர், இரவு 11

'சொந்த ஊர் எது?' என்பதை நான் தாண்டிப் போய்விட்டேன் என்று கேள்வி கேட்டவர் சரியாகப் பிடித்துவிட்டார். தாண்டித்தான் போனேன். அல்வாவைப் பற்றி எழுதுவது எளிது.

ஊரைச் சொன்னால் தெரு தெரியும், தெருவைச் சொன்னால் சாதி தெரியும். கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். நம் சபைகளின் மிகப் பழைய நோய் இது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல், சபைக்குள் சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனடியாக, இறுதியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதற்குக் கீழ்ப்படியாமல் சபையை விட்டே விலகினார்கள். இன்றும் நாம் உருகி உருகிப் பாடும் கீர்த்தனைகளைக் கட்டிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சாதி வழக்கங்களை விடச் சொன்னதை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர். அவர் பாட்டை நான் விடப்போவதில்லை. ஆனால் பாடும்போது இதையும் நினைத்துக்கொள்கிறேன்.

கத்தோலிக்கர்கள் சிரிக்க வேண்டாம். வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்குக் கால்சட்டைக் கோயில் என்றே பெயர். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் இரண்டு கூடங்கள், ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், நடுவில் சுவர். பூசை ஒன்றுதான், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 1910-ஐ ஒட்டி, கௌசானல் அடிகள் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவரைத் திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். சாதி பாராமல் எல்லோரோடும் உட்கார்ந்து உண்ட தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்றதும் இதே வடக்கன்குளத்தில்தான். 2022-இல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். ஒரே ஊரின் இரண்டு கதை.

வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, "ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்ற கருத்தில் பேசினார். அரங்கமே அதிர்ந்ததாம். நம் ஆட்கள் பெருமையோடு சொல்லும் பேச்சு. அதே வேண்டுதலை நம் சபையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் நம்மைப் பார்த்துச் சொன்னால் என்ன ஆகும்?

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் புதிதாக ஒரு இளம் தம்பதி வந்தார்கள். நானே எழுந்துபோய்ப் பேசினேன். முதலில் பெயர் கேட்டேன். அடுத்து என்ன கேட்டேன் என்று நினைக்கிறீர்கள்? வாயில் தானாக வந்துவிட்டது. அந்தப் பையன் ஒரு கணம் மனைவியைப் பார்த்துவிட்டு, "மதுரை" என்றான். மதுரை என்று முடித்துக்கொண்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மூன்று வாரம் வந்தார்கள், பிறகு காணவில்லை.

22 செப்டம்பர், ஞாயிறு மாலை

ஒரு சகோதரி எழுதியிருப்பதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "பத்தொன்பது வருடமாக எனக்கு வேலை கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள் ஐயா. அண்டா கழுவுகிறேன். இன்றுவரை யாரும் என்னிடம் அடுத்த வருடம் அசனத்துக்கு எத்தனை கிலோ அரிசி வாங்கலாம் என்று கேட்டதில்லை."

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. வேலை கொடுத்தால் உள்ளே வந்தாயிற்று என்று பெரிய தத்துவம் பேசினேனே, அது வெங்காயச் சுளகோடு முடிந்துவிடுகிறது. நான் உரித்தது ஒரு நாள். மூன்றாம் மாதம் மெய்ப்பு வேலை வந்தது. இரண்டாம் வருடம் கமிட்டிக் கூட்டத்தில் நாற்காலி வந்தது. எனக்குச் சுளகைத் தள்ளிய அக்காள் நாற்பது வருடமாக அதே வேப்பமரத்தடியில் இருக்கிறார். நான் ஆண், படித்தவன், ஓய்வூதியம் வாங்குகிறவன். 1976-இலேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்த திருச்சபை இது. எங்கள் கோயிலில் வார்ப்பில் (பெரிய சமையல் பாத்திரம்) துடுப்புப் போடுவது இன்னும் ஆண்கள்தான், கழுவுவது பெண்கள்தான்.

இன்று ஆராதனை முடிந்து அக்காளிடம் போய், "இந்த வருடம் எவ்வளவு வெங்காயம் வாங்கலாம்?" என்று கேட்டேன். "ஏன், கடையில் கேட்டால் தெரியாதா?" என்றார். பிறகு உட்கார்ந்து கணக்குச் சொன்னார். போன வருடம் எவ்வளவு மிஞ்சியது, எந்த வருடம் மழையால் ஆள் குறைந்தது, எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. கமிட்டி ஏட்டில் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

27 செப்டம்பர்

இன்று தென்னிந்தியத் திருச்சபை நாள். 1947 செப்டம்பர் 27-இல் சென்னைக் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று ஆளுக்கொரு வழக்கோடு இருந்தவர்கள் ஒன்றாகி 77 வருடம். ஊரிலிருந்து வாழ்த்துச் செய்திகள் வந்து குவிகின்றன. அவற்றில் ஒற்றுப்பிழைகளை எண்ணத் தொடங்கி, முப்பதில் விட்டுவிட்டேன்.

29 செப்டம்பர், இரவு

முதல் குறிப்பில் "ஆறு ஞாயிறு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்று புகார்போல எழுதியிருந்தேன். ஒருவர் மெதுவாகக் கேட்டிருக்கிறார்: "கேட்டிருந்தால் நீங்கள் ஏழாவது ஞாயிறு வந்திருப்பீர்களா?"

வந்திருக்க மாட்டேன்.

இதை அக்காளிடமே கேட்டுவிடலாம் என்று இன்று கேட்டேன். "ஆறு வாரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் அண்ணாச்சி. பாட்டு ஆரம்பித்ததும் நீங்கள் கண்ணைத் துடைப்பீர்கள். அழுகிற ஆளிடம் போய் என்ன பேச? வெங்காயம் வரட்டும் என்று இருந்தேன். அதில் உட்கார்ந்தால் அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் அல்லவா?"

ஐந்து வருடமாகத் தற்செயல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

4 அக்டோபர், விடியற்காலை 3.50

தூக்கம் வரவில்லை. செப்டம்பர் 5 குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை.

"பதினான்கு வருடத்தில் ஒருவர்கூட என்னைத் தேடி வரவில்லை" என்று எழுதினேன். இதைப் பல வருடமாகப் பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். பொய். சபை ஊழியரான உபதேசியார் ஒருவர் வந்தார். மூன்று முறை வந்தார். சைக்கிளில், சட்டைப்பையில் மடித்த கைக்குட்டையோடு. முதல் முறை நான் உண்மையிலேயே வீட்டில் இல்லை. இரண்டாம் முறை சன்னல் வழியாகச் சைக்கிளைப் பார்த்துவிட்டு, ஒன்பது வயதான என் மகனை வாசலுக்கு அனுப்பி "அப்பா வெளியே போயிருக்கிறார்" என்று சொல்ல வைத்தேன். மூன்றாம் முறையும் அப்படியே. மகன் திரும்பி வந்து, "தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்" என்றான்.

பிறகு அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். ரசீதில் ஓர் எழுத்துப்பிழையை இருபது வருடம் நினைவில் வைத்திருந்தவன், இந்த மூன்று வரவை அடித்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பணம் கேட்டவர் செய்தது தவறுதான், அதில் இன்னும் மாற்றமில்லை. ஆனால் 'ஒருவர்கூட' என்பதை எடுத்துவிடுங்கள்.

12 அக்டோபர்

உறவினர் ஒருவர் மூலம் உபதேசியாரின் எண் கிடைத்தது. எண்பதைத் தாண்டிவிட்டார், தூத்துக்குடிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். காது மந்தம். என் பெயரைச் சொன்னேன், பிடிபடவில்லை. தெருவைச் சொன்னேன். அம்மா அடக்கத்தைச் சொன்னேன்.

"ஆமாம், ஆமாம். பச்சைக் கதவு வீடு. வாசலில் உங்கள் செருப்பு கிடக்கும், பையன் வந்து அப்பா வெளியே போயிருக்கிறார் என்பான்."

எனக்குத் தொண்டை அடைத்தது. "தெரிந்துமா ஐயா மூன்றாம் முறையும் வந்தீர்கள்?"

"செருப்பு கிடந்ததால்தான் வந்தேன். ஆள் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்ததே."

குழிக்குப் பணம் கேட்டதைப் பற்றிச் சொன்னேன். "அது தப்பு. அன்றைக்கே சொன்னேன், யார் கேட்டார்கள்?" என்றார். பிறகு, "இப்போது கோயிலுக்குப் போகிறீர்களா?" என்றார். போகிறேன், வெங்காயம் உரிக்கிறேன், தாள் திருத்துகிறேன் என்றேன். கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி: "உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

சிரித்துவிட்டேன். சொன்னேன். அந்த ஊரில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறாராம். எங்கள் தாத்தாவின் பனை விளையில் பதநீர் குடித்ததாகச் சொன்னார். ஆக, அந்தக் கேள்வியை எல்லோரும் ஒரே காரணத்துக்காகத்தான் கேட்கிறார்கள் என்று செப்டம்பர் 14-இல் எழுதியதில் கால்வாசியைக் குறைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி நிற்கட்டும்.

15 அக்டோபர்

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். என் பேச்சை நம்பி அவர் கோயிலில் தானே போய், "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டாராம். "ஐயோ, வேண்டாம் அம்மா, நீங்கள் உட்காருங்கள்" என்று நாற்காலி போட்டுவிட்டார்களாம். நாற்காலி போட்டு விலக்கிவைப்பது நம் ஆட்களுக்கே உரிய நுட்பம். மரியாதையாகவும் இருக்கும், தூரமாகவும் இருக்கும்.

என்னிடம் மாற்று மருந்து இல்லை. வரும் சனிக்கிழமை எங்கள் கோயிலில் அசனத்துக்கு வெங்காயம் உரிக்கிறோம். எந்தக் கோயில் என்று இங்கே எழுத மாட்டேன். தனிச் செய்தியில் வழி அனுப்பியிருக்கிறேன். உங்கள் கோயிலை விட்டு வரச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை மட்டும்.

20 அக்டோபர், ஞாயிறு இரவு

அசனம் முடிந்தது. உடம்பெல்லாம் புகை.

நேற்று மாலை நாலு மணிக்கு மழை. வேப்பமரத்தடியில் உட்கார முடியவில்லை. அக்காள், "கோயிலுக்குள் கொண்டுபோங்கள்" என்றார். பீடத்துக்கு முன்னால் படுதா விரித்து வெங்காயத்தைக் கொட்டினோம். கமிட்டிக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். ஐயர் (எங்கள் குருவானவர்) செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவரும் உட்கார்ந்தார். அத்துடன் பேச்சு நின்றது.

இன்று விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினார்கள். விறகு நனைந்திருந்ததால் ஒரு மணி நேரம் புகைதான். நாலு பேர் சேர்ந்து தூக்கும் வார்ப்பு. ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும்போது ஆள் உயரத் துடுப்பை அடிவரை விட்டுக் கிண்ட வேண்டும், நிறுத்தினால் அடிப்பிடிக்கும். இந்த முறை அண்டா கழுவும் பெண்கள் இரண்டு பேர் துடுப்பை வாங்கிக்கொண்டார்கள். யாரும் கொடுக்கவில்லை, வாங்கிக்கொண்டார்கள். வடித்த சோற்றைப் புதுப் பனையோலைப் பாயில் மலைபோலக் கொட்டினார்கள். ஆவியோடு சேர்ந்து எழும் அந்த ஓலை மணத்துக்கு ஈடு கிடையாது. ஐயர் ஜெபித்த பிறகு ஓலைப்பெட்டிகளில் அள்ளிப் பந்திக்குக் கொண்டுபோனோம். நாலு பந்தி. பக்கத்துத் தெரு இந்துக்களும் முஸ்லிம்களும் வழக்கம்போல வந்தார்கள். விரிப்புக் கேட்டவரும் வந்தார், ஆசனம் எங்கே என்று என்னிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். இந்தக் கேலி எனக்கு ஆயுளுக்கும் உண்டு.

சாப்பாட்டுக்குப் பின் காணிக்கைப் பொருள்களின் ஏலம். ஒரு பூசணிக்காய் அறுநூறு ரூபாய்க்குப் போனது. வாங்கியவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்தார், மறுபடி ஏலம் போட்டு நானூற்று ஐம்பதுக்கு விற்றார்கள். முட்டை ஒன்று நூறு ரூபாய். பொருளாதாரம் படித்தவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

நேற்று வெங்காயத்துக்கு இரண்டு புதுப் பெண்கள் வந்திருந்தார்கள். ஒருவருக்கு முப்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டவர். வேர்ப்பக்கம் கிள்ளத் தெரியாமல் தலைப்பக்கம் வெட்டிக்கொண்டிருந்தார். அக்காள் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. பெயரையும் கேட்க மறந்துவிட்டேன். போகும்போது அவர் கையை முகர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். அது நீங்களா?

21 அக்டோபர்

திருத்தம்: வெங்காயம் எவ்வளவு என்று கேட்ட ஒருவருக்கு நேற்று இரவு தனிச் செய்தியில் பன்னிரண்டு கிலோ என்று சொல்லியிருந்தேன். பன்னிரண்டு என் பக்கத்துப் படுதாவில் உரித்தது. மொத்தம் பதினெட்டு. அக்காள் சொன்ன கணக்கில் அரைக் கிலோகூட மிஞ்சவில்லை.